நெடுந்தீவில் ஒரு மதிலும் ஒரு வைஃபையும்

வியாழக்கிழமை காலை ஆறே முக்காலுக்குக் குறிகட்டுவான் பஸ் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டது. ரிக்கற் நூற்றைம்பது ரூபாய். தூரம் முப்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. பண்ணைப் பாலத்தில் ஏறியதும் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று பஸ்ஸின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தள்ளத் தொடங்கியது. காற்றுப் பக்கம் இருந்தவர்கள் யன்னலைச் சாத்தினார்கள். மண்கும்பானில் சிலர் ஏறினார்கள், புங்குடுதீவில் பாதிப் பஸ் இறங்கியது. எட்டு மணிக்கு முன்னரே நான் குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்றேன்.

அங்கே இரண்டு வரிசைகள். நயினாதீவுக்குப் போகிற வரிசை நீளமானது. பூவும் தேங்காயும் பட்டுச் சேலையுமாக இருந்தது. நெடுந்தீவு வரிசையில் சீமெந்துப் பைகள், கோழித்தீன், பெட்டி பிரிக்காத ஒரு மின்விசிறி, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற ஆசிரியைகள். படகுக் கட்டணம் இருநூறு ரூபாய். கடல் ஒரு மணித்தியாலம்.

ஒரு மாத இதழுக்கு உள்ளூர்ப் பயணங்கள் எழுதுகிறவள் நான். நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் அநேகமாகக் காலைப் படகில் போய்ப் பின்னேரப் படகில் திரும்பிவிடுகிறார்கள். கோட்டை, பெருக்கு மரம், குதிரைகள், மத்தியானச் சாப்பாடு, அவ்வளவுதான். அங்கே மூன்று இரவு தங்கி எழுதினால் என்ன என்று எனக்குத் தோன்றியது. இணையத்தில் தேடியபோது தீவின் மேற்குப் பக்கத்தில் ஒரு வீடு கிடைத்தது. ஒரு நாளுக்கு நாலாயிரத்து ஐந்நூறு, காலையும் இரவும் சாப்பாடு உட்பட. "இலவச வைஃபை" என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே கொழும்பிலிருந்து வந்த யாரோ ஆங்கிலத்தில் ஒரு குறை எழுதியிருந்தார்: வைஃபை பெயருக்குத்தான், அயலட்டை முழுவதும் அதில் தொங்குகிறது, ஒரு படத்தைக்கூட அனுப்ப முடியவில்லை. ஐந்து நட்சத்திரத்துக்கு ஒன்று. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. விலை குறைவு என்பதால் பதிந்துவிட்டேன்.

படகின் கீழ்த்தட்டில் பக்கத்தில் இருந்த ஆசிரியை என் கையில் கைபேசியைக் கண்டு, "கதைக்கிறதெண்டால் இப்பவே கதைச்சுப்போடுங்கோ. கொஞ்சத்தாலை கவரேஜ் போயிடும்" என்றார். சொன்னபடியே போயிற்று. பிறகு எல்லோரும் நித்திரை கொண்டார்கள், அல்லது கொள்வதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு அலை தாங்கினார்கள்.

மாவலித்துறையில் இறங்கியவுடன் ஒரு கொட்டகையும் அதில் நீல நிறப் பலகையும் தெரிந்தன. "பொது வைஃபை வலயம். ஒருவருக்கு நாளொன்றுக்கு அரை மணித்தியாலம்." காலையில் அங்கே ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. என்னை ஏற்றிய ஓட்டோக்காரர் அதைக் காட்டிச் சொன்னார்.

"பின்னேரம் வந்து பாருங்கோ அக்கா, கோயில் திருவிழா மாதிரிச் சனம். கனடா, பிரான்ஸ், கட்டார் எல்லாம் உந்தக் கொட்டிலுக்கைதான்."

"ஏன், வீடுகளிலை போன் வேலை செய்யாதோ?"

"இந்தப் பக்கம் பறுவாயில்லை, போன் ரவர் கிட்ட. நீங்கள் போற மேற்குப் பக்கம் சரியான மோசம். ஆனா உங்களுக்கென்ன, மெற்றில்டா அக்கா வீட்டை தனி வைஃபை இருக்கு."

ஆறு கிலோமீற்றர், எண்ணூறு ரூபாய். வழி முழுக்க முருகைக்கல்லை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிய மதில்கள். சீமெந்து இல்லை, சாந்து இல்லை. கல்லின் பாரத்திலேயே கல் நிற்கிறது.

வீட்டுக்காரி மெற்றில்டா அக்காவுக்கு அறுபது வயதிருக்கும். கணவர் இரவில் கடலுக்குப் போய் விடியத் திரும்புகிறவர். நான் அங்கே நின்ற நாட்களில் அவர் பகலெல்லாம் தூங்கினார். ஒரே மகன் ஜெறாட் பிரான்சில். அவன் அனுப்பிய காசில்தான் வீட்டோடு சேர்த்து விருந்தினருக்கு இரண்டு அறைகள் கட்டியிருந்தார்கள். கூரைக்கு மேலே ஒரு இரும்புக் குழாய், அதன் நுனியில் அன்ரெனா. அறைச் சுவரில், மாதா படத்துக்குக் கீழே, பிளாஸ்ரிக் உறை போட்ட அட்டையில் வைஃபை கடவுச்சொல்.

பையை வைக்கும் முன்னரே மெற்றில்டா அக்கா கேட்டார். "வைஃபை பிடிக்குதோ பாரும் பிள்ளை."

பிடித்தது. நல்ல வேகம். சொன்னேன்.

"அப்ப சரி. என்ன குறை இருந்தாலும் எனக்குச் சொல்லும். அங்கை எழுதிப்போடாதையும்." அங்கே என்று சொல்லும்போது என் கைபேசியைக் காட்டினார்.

பின்னேரம் நாலரைக்கு அந்த வீட்டுச் சைக்கிளை வாங்கிக்கொண்டு மாவலித்துறைக்குப் போனேன். ஓட்டோக்காரர் மிகைப்படுத்தவில்லை. கொட்டகைக்குள் இருக்க இடமில்லாமல் வெளியே மணலிலும், நங்கூரக் கயிறுகளின் மேலும், கட்டிவைத்த படகுகளுக்குள்ளும் ஆட்கள். ஒவ்வொருவரும் கையைக் கொஞ்சம் உயர்த்தி முகத்துக்கு நேரே கைபேசியைப் பிடித்திருந்தார்கள். ஒருவர் தன் மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். ஒரு கிழவர் எதுவுமே பேசாமல் திரையில் ஒரு குழந்தை நித்திரை கொள்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணித்தியாலம் முடிந்தவர்களின் திரை திடீரென நின்றுவிடும். அவர்கள் பேசிக்கொண்டிருந்த சொல்லைப் பாதியில் விழுங்கிவிட்டு எழும்பி இடம் கொடுப்பார்கள்.

கொட்டகையின் ஓரத்தில் இருந்த ஒரு பெண்ணுக்கு அப்படி நின்றது. ஐம்பத்தைந்து வயது மதிக்கலாம். வெளிறிய பருத்திச் சேலை. அவர் திரையை இரண்டு தரம் தட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, குறை நினைக்காதையுங்கோ. உங்கட போனிலை டேற்றா இருக்கோ? ரெண்டு சொல்லுத்தான். அக்காவின்ரை மகள் ஐயர் வாற நேரத்தைச் சொல்ல வந்தவள், அதுக்குள்ளை நிண்டிட்டுது."

நான் ஹொட்ஸ்பொட்டைப் போட்டுக் கொடுத்தேன். அவர் மீண்டும் அழைத்தார். மறுமுனையில் ஒரு இளம் பெண், ரொறன்ரோவிலிருந்து. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அம்மாவுடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, இங்கே அது பின்னேரம் ஐந்தரை, நீங்கள் அங்கே வீட்டிலேயே படையல் வைத்து எங்களோடு வீடியோவில் இருக்க வேண்டும் சின்னம்மா, அம்மா பிறந்த வீடு எங்களுக்குத் தெரிய வேண்டும் என்று அவள் சொன்னாள். இந்தப் பெண் "ஓம் பிள்ளை, ஓம் பிள்ளை" என்றார். வீட்டில் வீடியோ வராது என்பதை மட்டும் சொல்லவில்லை.

பேசி முடித்ததும் எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் மாறியது. கோபமில்லை. வீட்டுக்குள் இருக்கிற ஒருவர் யன்னலைச் சாத்துவதுபோல இருந்தது.

"அது எங்கட பக்கத்து வளவு" என்றார். "அங்கை வைஃபை இருக்கே. நீங்கள் ஏன் இங்கை வந்தனீங்கள்?"

நான் விஷயம் தெரியாமல், "பாஸ்வேர்ட் என்னட்டை இருக்கு, வேணுமெண்டால் தாறன்" என்றேன்.

"வேண்டாம் பிள்ளை. தரவேண்டிய ஆள் தராமல் உங்களிட்டை வாங்கினால் அது களவு."

அவர் பெயர் புவனம். கணவர் மோட்டார் சைக்கிளில் வந்து ஏற்றிக்கொண்டு போனார்.

இரவுச் சாப்பாடு இடியப்பம், சொதி, பொரித்த விளைமீன். பரிமாறிக்கொண்டிருந்த மெற்றில்டா அக்காவிடம் புவனத்தைச் சந்தித்ததைச் சொன்னேன். அவர் சொதிக் கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு எனக்கு எதிர்க் கதிரையில் இருந்தார்.

"என்னவாம்?"

"ஒண்டுமில்லை. பாஸ்வேர்ட் தாறன் எண்டன், வேண்டாம் எண்டிட்டா."

"வேண்டாமெண்டுதான் சொல்லுவாள்."

பிறகு தானாகவே சொல்லத் தொடங்கினார். வைஃபை றவுட்டர் வந்தபோது முதலில் அதைப் புவனம் வீட்டுப் பக்கத்து யன்னலில்தான் வைத்தார்களாம். இரண்டு வீட்டுக்கும் எட்டட்டும் என்று. ஒரு வருசத்துக்கு மேல் அப்படித்தான் நடந்தது. புவனத்தின் அக்கா இராசம் கனடாவில் நோயாளி. ஒவ்வொரு பின்னேரமும் அக்காவும் தங்கையும் வீடியோவில் பேசுவார்கள். சில நாட்களில் புவனம் கைபேசியை மதிலுக்கு மேலால் நீட்ட, மெற்றில்டா அக்காவும் சுகம் விசாரிப்பார். பிறகு அந்தக் கொழும்பு ஆட்கள் வந்து போய் அந்தக் குறையை எழுதினார்கள். அதைப் பிரான்சில் ஜெறாட் பார்த்தான்.

"அண்டைக்கு இரவே அங்கையிருந்து பாஸ்வேர்ட்டை மாத்திப்போட்டான் பிள்ளை. போனிலையே மாத்தலாமாம். காலமை எழும்பினால் எங்கட வீட்டிலையும் வேலை செய்யேல்லை. எடுத்துக் கேட்டால், 'அம்மா, தங்கிற ஆக்களுக்கு மட்டும் குடுங்கோ, தொழில் போயிடும்' எண்டுறான். புது நம்பரை யாழ்ப்பாணத்துப் பெடியன் ஒருத்தனைக் கொண்டு அட்டையிலை அடிப்பிச்சுக் குடுத்தனுப்பினான்."

"புவனமக்காவிட்டைச் சொன்னீங்களோ?"

"என்னெண்டு சொல்லுறது? என்ரை பிள்ளை உனக்குத் தர வேண்டாமெண்டிட்டான் எண்டோ?" அவர் மேசை விரிப்பின் ஓரத்தை மடித்து மடித்து விரித்தார். "அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள். எனக்கு ரெண்டாவது பிள்ளை தங்காமல் ஆசுப்பத்திரியிலை கிடக்கேக்கை அவன் அவளின்ரை வீட்டிலைதான் திண்டு படுத்தவன். நான் மாத்தினனான் எண்டு நினைச்சால் என்னோடைதானே கோபம். அவன் எண்டு தெரிஞ்சால் அவளுக்கு நெஞ்சு வெடிச்சுப்போம்."

ஒரு கிழமை பொறுத்து அவனிடம் பேசி எப்படியாவது திருப்பிக் கொடுக்கலாம் என்று இருந்தாராம். ஒரு கிழமை ஒரு மாதமாகி, மூன்று மாதமாகிவிட்டது.

"நீர் ஒண்டும் அவளிட்டைச் சொல்லிப்போடாதையும்" என்றார். நான் தலையாட்டினேன்.

வெள்ளிக்கிழமை முழுவதும் ஊர் பார்த்தேன். ஒல்லாந்தர் கோட்டையின் இடிந்த சுவர்கள். கடற்கரைப் புல்வெளியில் பிடரி மயிர் பறக்க நின்ற குதிரைகள். பத்துப் பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத பெருக்கு மரம். ஓட்டோ அரை நாளுக்கு மூவாயிரம் ரூபாய். இவற்றைப் பற்றி எழுத நிறைய உண்டு, எழுதியவர்களும் நிறையப் பேர். என்னுடைய மனம் அந்த மதிலில்தான் நின்றது.

மூன்று மணிக்குப் புவனம் அக்கா வீட்டுப் படலையைத் தட்டினேன். அவர் என்னை உள்ளே கூட்டிப்போய் விறாந்தையில் இருத்தித் தேநீர் தந்தார். மேசையில் இராசம் அக்காவின் படம், புதிய சட்டம் போட்டு, பொட்டு வைத்து. தங்கையைப் போலவே அகன்ற நெற்றி.

நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"ஆசுப்பத்திரியிலை இருந்து அக்கா என்னைப் பாக்க வேணுமெண்டு கேட்டிருக்கிறா. வீட்டைக் காட்டச் சொல்லு, கிணத்தடியைக் காட்டச் சொல்லு எண்டு. பிள்ளையள் மூண்டு தரம் எடுத்திருக்குதுகள். இங்கை அது வராதே. நான் அண்டைக்கு மாவலிக்கும் போகேல்லை, சரியான காற்று. அடுத்த நாள் போய்க் கொட்டிலுக்கை நிண்டு போனைத் திறக்க மூண்டும் வரிசையா வந்து விழுகுது. திருப்பி எடுத்தன். அக்காவுக்கு நினைவு தப்பீட்டுது எண்டுதுகள். பிறகு முழிக்கேல்லை."

"சாதாரண அழைப்பு எடுக்கேலாதோ?"

"வெறும் போனும் இந்த வளவுக்கை விட்டு விட்டுத்தான். அதுகள் எடுத்தும் பார்த்ததுகளாம்." தேநீர்க் கோப்பையை என் கையிலிருந்து வாங்கினார். "முந்தி எண்டால் யன்னலாலை அக்காவின்ரை முகம் ஒவ்வொரு நாளும் வந்து போகும்."

செத்தவீட்டுச் செய்தி கேட்டு மெற்றில்டா அக்கா வந்தாராம். "வாங்கோ, இருங்கோ எண்டு கதிரை குடுத்தன். தேத்தண்ணி குடுத்தன். வேறை என்ன செய்யிறது" என்றார் புவனம் அக்கா. அதற்கு மேல் அந்தப் பேச்சை வளர்க்கவில்லை.

சனிக்கிழமைக்கு என்ன செய்வது என்பதுதான் அவருடைய கவலையாக இருந்தது. மாவலித்துறைக் கொட்டகையில் படையல் வைக்க முடியாது. என்னுடைய சிம் வேறு நிறுவனத்தினுடையது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு இருவரும் வளவெங்கும் நடந்தோம். விறாந்தையில் ஒன்றுமில்லை. குசினி வாசலில் ஒரு கோடு வந்து போனது. கிணற்றடி முருங்கை மரத்துக்குக் கீழே இரண்டு கோடு நின்றது. ஹொட்ஸ்பொட்டைப் போட்டோம். விறாந்தையில் வைத்த அவருடைய கைபேசி அதைப் பிடித்தது. ஒரு படம் மெதுவாகத் திறந்தது.

"காணும் பிள்ளை, இது காணும்" என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான்.

அன்றிரவு மெற்றில்டா அக்காவிடம் நாளைக்கு அங்கே போகப்போகிறேன் என்றேன். ஒளிப்பதற்கு எதுவுமில்லை. "கேள்விப்பட்டனான்" என்று மட்டும் சொன்னார். மதில் தோள் உயரம்தான். நாங்கள் வளவெங்கும் நடந்ததை அவர் குசினியிலிருந்து பார்த்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை காற்று இன்னும் பலத்தது. மத்தியானப் படகு ஓடவில்லை என்றார்கள். ஐந்து மணிக்கு நான் போனபோது விறாந்தையில் தலைவாழை இலை விரித்து, இராசம் அக்காவுக்குப் பிடித்தவை எல்லாம் வைத்திருந்தது: கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கையிலை வறை, பயித்தங்காய், மோர்மிளகாய், பாயாசம். சொந்தக்காரர்கள் ஆறேழு பேர் பாயில் இருந்தார்கள். புவனம் அக்காவின் கணவர் குத்துவிளக்குக்குக் காற்றுப் படாமல் ஒரு தகரத்தைச் சாத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். என் கைபேசியை ஒரு துணிப்பையில் போட்டு முருங்கைக் கொப்பில் கட்டினோம்.

ஐந்தரைக்கு அழைப்பு வந்தது. திரையில் ரொறன்ரோ மண்டபம், ஐயர், வேட்டி கட்டிய மருமக்கள். "சின்னம்மா, தெரியுதோ? வீட்டைக் காட்டுங்கோ" என்றாள் அந்தப் பெண். புவனம் அக்கா கைபேசியைத் தூக்கி மெதுவாகச் சுற்றிக் காட்டினார். இலை, விளக்கு, வாசல், கிணற்றடி. அங்கே யாரோ விம்முவது கேட்டது. இரண்டு நிமிடம் இருக்கும். பிறகு ஐயரின் கை உயர்ந்தபடியே நின்றது. குரல் ஒரு துண்டாகவும் இன்னொரு துண்டாகவும் வந்தது.

"சின்னம்மா... கேக்... ம்மாவின்ரை..."

நான் கிணற்றடிக்கு ஓடினேன். காற்றில் கொப்பு ஆடிக்கொண்டிருந்தது. கோடு ஒன்று வருவதும் போவதுமாக இருந்தது. பையை அவிழ்த்துக் கையை உயர்த்திப் பிடித்தேன். கிணற்றுக் கட்டில் ஏறினேன். விறாந்தையிலிருந்து, "நிண்டிட்டுது, நிண்டிட்டுது" என்று குரல்கள். புவனம் அக்கா, "பிள்ளை, கேக்குதோ? பிள்ளை?" என்று உரக்கக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நின்றுபோன படத்தைப் பார்த்துக் கூப்பிடுகிற அந்தக் குரலை மதிலுக்கு அப்பால் இருக்கிறவர்களும் கேட்டிருப்பார்கள்.

கேட்டார். நான் கிணற்றுக் கட்டில் நின்றபடியே பார்த்தேன்: மெற்றில்டா அக்கா மின்வயரும் அன்ரெனா வயருமான சுருளை ஒரு கையால் அவிழ்த்துக்கொண்டு, மறுகையில் றவுட்டரைப் பிடித்துக்கொண்டு மதிலடிக்கு வந்தார். கல்லுக்கு மேல் அதை நிமிர்த்தி வைத்து, காற்று விழுத்தாமல் இரண்டு கல்லை எடுத்து அண்டை கொடுத்தார். பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன.

"பிள்ளை, அவையை இதைப் பிடிக்கச் சொல்லும்" என்றார் என்னைப் பார்த்து.

நான் விறாந்தைக்கு ஓடி, கடவுச்சொல்லைப் போடுவதற்காகப் புவனம் அக்காவின் கைபேசிக்குக் கை நீட்டினேன். அவர் தரவில்லை. மார்போடு பிடித்துக்கொண்டு மதில் பக்கம் பார்த்தார். அங்கே மெற்றில்டா அக்கா அதைக் கண்டார். திரும்பி வீட்டுக்குள் போனார். போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் மூக்குக் கண்ணாடியும் அறைச் சுவரிலிருந்த அட்டையுமாகத் திரும்பி வந்தார். அட்டையைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, காற்றுக்கு மேலால் கேட்கும்படி கத்தி வாசித்தார்.

"எஸ்... ஈ... ஏ... பிறகு ஒரு சைபர்... ஏழு..."

புவனம் அக்கா எழும்பி வாசலுக்கு வந்தார். கைபேசியில் விரலை வைத்தபடி கேட்டார்:

"பெரிய எஸ்ஸோ, சின்ன எஸ்ஸோ?"

செத்தவீட்டு உபசாரத்தைத் தவிர மூன்று மாதமாக ஒரு பேச்சுமில்லாதிருந்த இருவர் அதைத்தான் முதலில் பேசினார்கள்.

"பெரிசு" என்றார் மெற்றில்டா அக்கா. "மற்றதெல்லாம் சின்னன்."

படம் தெளிவாக வந்தது. ஐயர் பிண்டத்துக்கு எள்ளும் தண்ணீரும் விடுவதிலிருந்து கடைசித் தீபம் வரைக்கும் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. ரொறன்ரோவில் காட்டியபோது இங்கேயும் கற்பூரம் காட்டினார்கள். புவனம் அக்கா அழவில்லை. திரைக்கு மிகக் கிட்ட முகத்தை வைத்துக்கொண்டு, அக்கா படத்தை ஒரு தரமும் திரையை ஒரு தரமுமாகப் பார்த்தார். நான் வாசலில் நின்றதால் இரு பக்கமும் தெரிந்தது. மெற்றில்டா அக்கா ஒரு கையால் றவுட்டரைப் பிடித்தபடி மதிலுக்கு அந்தப் பக்கத்திலேயே நின்றார். அவருக்குப் படம் தெரிய வழியில்லை. மந்திரச் சத்தம் மட்டும் கேட்டிருக்கும். அவருடைய வாய் அசைந்துகொண்டிருந்தது. அவருடைய செபத்தைச் சொல்லியிருப்பார்.

யாராவது அவரைக் கூப்பிடுவார்கள் என்று நான் காத்திருந்தேன். நான் கூப்பிடலாமா என்றும் யோசித்தேன். அது என் வீடில்லை.

எல்லாம் முடிந்து, அங்கே அவர்கள் கையசைத்துத் திரை அணைந்த பிறகு மெற்றில்டா அக்கா மதிலுக்கு மேலால் கேட்டார்:

"வடிவாத் தெரிஞ்சுதோடி?"

புவனம் அக்கா இலையின் ஓரத்தைச் சரிசெய்தார். பிறகு சொன்னார்:

"ஓமுங்கோ. நல்லாத் தெரிஞ்சுதுங்கோ."

எங்கள் பக்கத்தில் அந்த "ங்கோ"வை ஆசிரியருக்குச் சொல்வோம், அரச அலுவலருக்குச் சொல்வோம், வழி கேட்கிற முன்பின் தெரியாதவருக்குச் சொல்வோம். முப்பது வருசம் மதிலுக்கு மேலால் நீ, நான் என்று கதைத்த ஒருத்திக்குச் சொல்வதில்லை. மெற்றில்டா அக்கா குனிந்து வயரை நேராக்குவதில் மும்முரமானார். றவுட்டரைத் திருப்பி எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு மண்சட்டியைக் கொண்டுவந்து அதன்மேல் கவிழ்த்துவிட்டுப் போனார்.

படையல் சாப்பாட்டில் ஒரு பங்கை இலையில் கட்டி, "அங்கை குடுங்கோ" என்று புவனம் அக்கா என்னிடம் தந்தார். மதிலுக்கு மேலால் கொடுத்திருந்தால் ஐந்து அடி. நான் படலையால் வெளியே போய், வீதியால் சுற்றி, மற்றப் படலையால் உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தேன். மெற்றில்டா அக்கா அதை அவிழ்த்து, பாயாசத்தில் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்துவிட்டு, "சர்க்கரை கூடிப்போச்சு. அவளுக்கு எப்பவும் அப்பிடித்தான்" என்றார். பிறகு முழுவதையும் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காற்றுத் தணிந்திருந்தது. காலைப் படகுக்கு மாவலித்துறையில் நின்றபோது புவனம் அக்காவைக் கண்டேன். கணவர் சாமான் வாங்க யாழ்ப்பாணம் போகிறார், அவரை வழியனுப்ப வந்திருந்தார். கொட்டகையில் யாருமில்லை. படகில் சாமான் ஏற்றி இன்னும் முடியவில்லை. நாங்கள் இருவரும் கொட்டகையின் மர வாங்கில் இருந்தோம்.

எனக்கு நெஞ்சு நிறைய ஒரு விஷயம் இருந்தது. மெற்றில்டா அக்காவுக்குக் கொடுத்த வாக்கும் இருந்தது. நான் சுற்றி வளைத்து, "அக்கா, அவ வேணுமெண்டு செய்திருக்க மாட்டா" என்றேன்.

"எனக்குத் தெரியும் பிள்ளை" என்றார் புவனம் அக்கா. "மாத்தினவன் ஜெறாட். மெற்றிலுக்கு அதிலை ஒரு எழுத்தும் மாத்தத் தெரியாது. அதின்ரை சுவிச்சைப் போடவே என்னைத்தான் கூப்பிடுறவள்."

நான் அவரையே பார்த்தேன்.

"அவனிலையும் எனக்குக் கோபமில்லை. தொழில், அவன் பாக்கத்தானே வேணும். அவள் அண்டைக்கு வந்து, 'உவன் இப்பிடிச் செய்துபோட்டான் புவனம்' எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் காணும். நானும் அவளோடை சேர்ந்து அவனைப் பேசிப்போட்டு, சிரிச்சுப்போட்டு, மாவலிக்கு வந்து கதைச்சிருப்பன். ஒவ்வொரு நாளும் வந்திருப்பன், காற்றெண்டாலும். இண்டைக்குச் சொல்லுவாள், நாளைக்குச் சொல்லுவாள் எண்டு யன்னலைப் பாத்துக்கொண்டு வீட்டை இருந்திட்டன். அதிலைதான் அந்த நாளும் போச்சுது."

"நான் அவவிட்டைப் போய்ச் சொல்லட்டோ?"

"நீங்கள் சொல்லி அவ வந்தால், அது அவ வந்ததோ?"

படகுக்காரர் கூப்பிட்டார். நான் ஏறினேன். புவனம் அக்கா கணவருக்குக் கை காட்டினார், எனக்கும் காட்டினார். கரை சிறுத்தது. கவரேஜ் போகிற இடம் வந்தது. பக்கத்தில் இருந்தவர் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுக் கண்ணை மூடினார்.

யாழ்ப்பாணத்தில் நான் இருக்கிற ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு இணையம் உண்டு. படுக்கையில் இருந்து கைபேசியைத் திறந்தால் அயல் வீட்டுப் பெயர்கள் எல்லாம் வரிசையாக வரும், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பூட்டு. யாரும் யாரிடமும் கேட்பதில்லை, கொடுப்பதில்லை, அதனால் யாருக்கும் மனவருத்தமும் இல்லை. திரும்பி வந்த நாளில் அந்த வரிசையைப் பார்த்தபோது எனக்கு அது நிம்மதியாக இருக்கவில்லை.

இரண்டு கிழமை கழித்து மெற்றில்டா அக்கா அழைத்தார். அறையில் ஒரு சோடித் தோட்டை விட்டுவிட்டு வந்திருக்கிறேனாம், தெரிந்த ஆளிடம் கொடுத்தனுப்பவா என்று கேட்டார். சுகம் விசாரித்தோம். றவுட்டர் இப்போதும் மதிலில்தான் இருக்கிறதாம். தங்க வருகிறவர்களுக்கு வேகம் குறைகிறதோ என்று கேட்டேன். "குறைஞ்சால் குறையட்டும்" என்றார். மகன் ஒன்றும் சொல்லவில்லையா என்றேன். "சொன்னவன். நான் போனை வைச்சிட்டன்."

"புவனமக்கா கதைக்கிறவவோ?"

"கதைக்கிறா. மழை இருட்டினால், 'சட்டி காத்துக்கு விலகிக் கிடக்குங்கோ' எண்டு சொல்லுவா."

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். "அக்கா, ஜெறாட்தான் மாத்தினவர் எண்டு அவவுக்குத் தெரியும். முதலிலையே தெரியுமாம்."

மறுமுனையில் கோழி கொக்கரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அறவில்லை.

"தெரியாமலோ இருப்பாள் பிள்ளை" என்றார் மெற்றில்டா அக்கா. "என்ரை வீட்டுச் சுவிச்சுப் போடுறவள் அவள்."

"பிறகேன் அக்கா?"

"அண்டைக்கே போயிருக்க வேணும். அண்டைக்கு வெக்கமாக் கிடந்தது. பிறகு அவளின்ரை அக்கா போயிட்டா. இனிப் போய் என்னத்தைச் சொல்லுறது?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள், தோட்டைச் செவ்வாய்க்கிழமைப் படகில் கொடுத்துவிடுகிறேன், குறிகட்டுவானில் வந்து எடுக்க ஆள் இருக்கிறதோ என்று கேட்டார்.